இளநீலச் சட்டை ஆயிரத்து எண்ணூறு

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஆர்டர் கொடுத்த கம்பெனியிலிருந்து வந்த செக்கிங் பெண் ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. ட்யூப்லைட்டின் கீழே நின்று சட்டை பார்க்கிறவர்கள் புதுசு. வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறவர்கள் தொழில் தெரிந்தவர்கள். அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஆனால் தொழில் தெரிந்தவள்.

அவள் சட்டையை வெயிலில் விரித்துப் பிடித்தாள். உடம்பு ஒரு நீலம், கை இரண்டும் வேறு நீலம். பெரிய வித்தியாசம் இல்லை. உடம்பு பளிச்சென்று இருந்தது, கை லேசாகச் சாம்பல் அடித்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நிற்கும்போது யார் பார்த்தாலும் தெரியும். இன்னும் பத்துச் சட்டை எடுக்கச் சொன்னாள். பத்தில் ஐந்து சரியாக இருந்தன, ஐந்து இப்படி.

"அக்கா, இதை யாரு வெட்டினது?"

"உடம்பும் காலரும் நான். கை அந்தப் பக்கம்," என்றேன். அந்தப் பதில் என் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல்தான் கோபம் வருகிறது.

"வெள்ளிக்கிழமை காலையில லாரி வரும். அதுக்குள்ள சரி பண்ணிட்டா ஏத்திக்கிறோம். இல்லைன்னா இந்த ஆர்டரும் இல்லை, அடுத்ததும் இல்லை. இங்க கொடுக்கவே வேணாம்னு சொன்னவங்க நிறையப் பேர் அங்க இருக்காங்க அக்கா. அவங்களுக்கு ஒரு சாக்கு போதும்," என்றாள். பெட்டியை மூடிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

எங்கள் தையல்கூடம் முன்பு தானியக் கிடங்கு. எங்கள் ஆட்கள் இருக்கும் தெருக்கள் ஒரு பக்கம் முடிகிற இடமும், வேறு பாஷை பேசுகிற அவர்கள் இருக்கும் தெருக்கள் தொடங்குகிற இடமும் அதுதான். மூன்று வருஷத்துக்கு முன்பு நடந்த கலவரத்தில் இரண்டு பக்கமும் எரிந்தன. என் தையல்கடையும் அதில் போனது. மூன்று மெஷின், ஒரு கட்டிங் மேசை, பன்னிரண்டு வருஷ உழைப்பு. புகைக்குள்ளிருந்து என்னைத் தூக்கிக்கொண்டு வந்தவன் என் அண்ணன். அன்றிலிருந்து அவன் வீட்டில்தான் இருந்தேன்.

கலவரம் அடங்கிய பிறகு ஓர் அதிகாரி வந்தார். இரண்டு பக்கத்துப் பெண்களும் ஒரே இடத்தில் வேலை செய்து சம்பாதித்தால் சண்டை தானாக ஓயும் என்றார். நல்ல மனுஷர், பேச்சும் நன்றாக இருந்தது. ஆனால் எங்கள் ஊர் மனுஷர்களைப் பற்றி அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. எல்லாம் சமமாக இருக்க வேண்டும் என்று இரண்டு பக்கத்துக் கமிட்டியும் பிடித்த பிடியில், இருபத்துநான்கு மெஷின் இங்கே, இருபத்துநான்கு அங்கே. மின்விசிறியை எண்ணினார்கள். ஜன்னலை எண்ணினார்கள். அந்தப் பக்கம் ஒரு ஜன்னல் அதிகம் என்று எங்கள் ஆட்கள் ஒரு வாரம் வேலைக்கு வராமல் இருந்ததில், கடைசியில் அதைப் பலகை வைத்து அடைத்தார்கள். தரையில் நடுவே ஒரு மஞ்சள் கோடு. எங்களுக்கு ஒரு கேட், அவர்களுக்கு ஒரு கேட்.

அதிகாரி ரொம்பப் பெருமையாகச் சொன்ன ஏற்பாடு ஒன்று உண்டு. உடம்பும் காலரும் நாங்கள். கை, பட்டன், இஸ்திரி, பேக்கிங் அவர்கள். ஒருவர் இல்லாமல் இன்னொருவரால் ஒரு சட்டைகூட முடிக்க முடியாது. துணி ரோல் வந்து இறங்கினால் வாசலிலேயே பங்கு. இரண்டு ரோல் எங்களுக்கு, ஒரு ரோல் அவர்களுக்கு. மறுபடி இரண்டு, மறுபடி ஒன்று. இரண்டு பக்கத்திலிருந்தும் ஆள் நின்று பார்ப்பார்கள். சீட்டுக் கட்டுக் கலைத்துப் போடுகிற மாதிரி இருக்கும்.

தப்பு அங்கேதான். துணியைச் சாயத் தொட்டியில் முக்கும்போது, ஒவ்வொரு தடவையும் நிறம் ஒரு மயிரிழை மாறும். அதனால்தான் எந்தத் தடவை முக்கினது என்று ரோலில் லாட் நம்பர் எழுதிய சீட்டு கட்டியிருப்பார்கள். ஒரு சட்டைக்கு உடம்பு எந்த ரோலில் வெட்டினோமோ கையும் அதே ரோலில்தான் வெட்ட வேண்டும். தொழில் கற்றுக்கொள்கிற முதல் வாரத்தில் இதைச் சொல்லிக் கொடுப்பார்கள். இந்தத் தடவை வந்த ரோல்களில் இரண்டு லாட் இருந்தன. சீட்டை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கத்தரியை எடுத்து வெட்டினேன்.

ஏன் என்று கேட்டால் இரண்டு காரணம். ரோலை மாற்றிக் கேட்டால், நம்ம நல்ல துணியை அவங்களுக்குக் கொடுத்துட்டா இவ என்று எங்கள் ஆட்கள் பேசுவார்கள். அது ஒன்று. இன்னொன்று, ஒரே ரோலில் வெட்டுவதென்றால் ஒரே மேசை வேண்டும். என் கடையைக் கொளுத்தின ஆட்களோடு ஒரே மேசையில் நிற்க என் உடம்பு கூசியது. அதிகாரியிடம் நான் வாயைத் திறக்கவே இல்லை.

செக்கிங் பெண்ணின் வண்டி போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது. எங்கள் பக்கத்தில் குசுகுசுப்பு தொடங்கியது.

"நல்ல துணியை அமுக்கிக்கிட்டு மட்டத் துணியில கை வெட்டியிருக்கான் அந்தக் கண்ணாடி மாஸ்டர்."

"வேணும்னே பண்ணியிருக்காங்க. நம்ம பேரு கெடணும்னு."

கண்ணாடி மாஸ்டர் என்றால் அந்தப் பக்கத்துக் கட்டிங் மாஸ்டர். அறுபது வயதிருக்கும். தடித்த கண்ணாடியை நூல் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். இரண்டு வருஷமாக நானும் அவரும் ஒருவருக்கு எதிரே ஒருவர் நின்று வெட்டுகிறோம். எங்கள் பாஷை அவருக்கு நன்றாகத் தெரியும், ஆனாலும் ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

அந்தப் பக்கத்திலும் பேச்சு எழுந்தது. அவர்கள் பாஷை எனக்கு அரைகுறையாகப் புரியும். உடம்புதான் மட்டத் துணி, கை நல்ல துணி என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மெஷின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. நாற்பத்தெட்டு மெஷினும் நின்றபோது அந்த இடம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

ஒவ்வொரு மெஷினிலும் நூல் வெட்டுகிற சின்னக் கத்தரியை ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்போம், தொலையாமல் இருக்க. மூன்றாவது மெஷினில் உட்கார்ந்திருந்த என் அண்ணியைப் பார்த்தேன். அவள் காலர் தைக்கிறவள், கரப்பான்பூச்சியைக்கூட அடிக்க மாட்டாள். தலையைக் குனிந்துகொண்டு அந்தக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மெஷின்காரியும் அவிழ்த்தாள். கோட்டுக்கு அந்தப் பக்கத்திலும் விரல்கள் முடிச்சில் இருந்தன.

இதற்குள் யாரோ போன் போட்டுவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு எங்கள் கேட்டில் ஆண்கள் கூடிவிட்டார்கள். முன்னால் நின்றவன் என் அண்ணன். டயர் கடையிலிருந்து நேராக வந்திருக்கிறான், கையெல்லாம் கறுப்பு மை, டயர் கழற்றுகிற கம்பி கையில் இருந்தது. எடுத்துக்கொண்டு வந்தானா, கீழே வைக்க மறந்து வந்தானா என்று தெரியவில்லை.

"அந்தக் கண்ணாடிக்காரனை வெளிய அனுப்பு! கேக்க வேண்டியதை நாங்க கேட்டுக்கிறோம்!" என்று கத்தினான்.

அந்தப் பக்கக் கேட்டிலும் சத்தம் கேட்டது. அங்கே என் பேரைச் சொல்லிக் கேட்டிருப்பார்கள். பூட்டிய இரண்டு கேட்டுக்கும் நடுவே நாற்பத்தெட்டுப் பெண்களும், நானும், கண்ணாடி மாஸ்டரும். காவலுக்கு இருந்த ஒரே வாட்ச்மேன் எந்தக் கேட்டில் நிற்பது என்று தெரியாமல் கக்கூஸுக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டார். அதில் ஒரு நியாயம் இருந்தது. அது கோட்டுக்கு நேர் மேலே கட்டின பொதுக் கக்கூஸ்.

நான் மஞ்சள் கோட்டைத் தாண்டினேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. பின்னால் யாரோ, "மாஸ்டரம்மா, எங்க போறீங்க?" என்று கேட்டார்கள். பதில் சொன்னால் நின்றுவிடுவேன் என்று பயம்.

கண்ணாடி மாஸ்டர் தன் மேசையில் துணியை நீவிக்கொண்டிருந்தார். நீவுவதற்கு அங்கே சுருக்கமே இல்லை.

"உங்களுக்குத் தெரியுமில்ல?" என்றேன்.

"ரெண்டு லாட்னா? தெரியும்மா. சீட்டைப் பார்த்தேன்."

"ஏன் சொல்லலை?"

"நீங்க ஏன் சொல்லலை?"

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆத்திரத்தோடு ஒருத்தரிடம் போகிறோம், அவர் நம்மைப் போலவே ஒரு கோழை என்று தெரிந்தால் அந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"வாசல்ல நிக்கிறவங்களுக்கு யாராவது சொல்லித்தான் ஆகணும்," என்றேன்.

"நீங்க சொன்னா உங்க ஆளுங்க உங்களைச் சும்மா விட மாட்டாங்க. நான் சொன்னா எங்க ஆளுங்க என்னை விட மாட்டாங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு வீட்டுல ஆறு பேரு. உங்களுக்கு?"

"எனக்கு வீடே இல்லை. அண்ணன் வீடு."

"அப்போ உங்களுக்குத்தான் கஷ்டம் அதிகம்," என்றார். அதைக் கேலியாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் பக்கத்துக் கேட்டைப் பார்த்து நடந்தார். நான் என் மேசைக்குத் திரும்பி, கை தைக்காமல் மிச்சமிருந்த உடம்பு இரண்டை எடுத்தேன். எங்கள் பக்கத்துக் கேட்டை நானே திறந்தேன்.

அண்ணன் உள்ளே கால் வைத்தான். நான் அவன் நெஞ்சுக்கு நேரே நின்றேன்.

"தள்ளு," என்றான்.

"ஒரு நிமிஷம் அண்ணே. இதைப் பாரு."

இரண்டு உடம்பையும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தேன். ஒன்று பளிச்சென்ற நீலம், இன்னொன்று சாம்பல் அடித்த நீலம்.

"இது ரெண்டும் யாரு வெட்டினது? நான் வெட்டினது. நம்ம பக்கத்து மேசையில, நம்ம பங்குக்கு வந்த துணியில. இதுல எது மட்டத் துணி, நீ சொல்லு."

அவன் பார்த்தான். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "சாம்பல்தான் மட்டம்," என்றான் ஒருத்தன். "போடா, அதுதான் விலை கூட. பளபளன்னு இருக்கிறது துவைச்சா போயிடும்," என்றான் இன்னொருத்தன். அவன் மாமனார் துணிக்கடையில் வேலை பார்க்கிறாராம், அந்த உரிமையில் பேசினான். இரண்டு பேருக்கும் வாக்குவாதம் முற்றியது. அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டேன்.

"ரெண்டும் ஒரே துணிதான். சாயம் முக்கினது வேற வேற தடவை, அவ்வளவுதான். யாரும் யாரையும் ஏமாத்தலை. வாசல்ல பங்கு போட்டோமே, ரெண்டு இங்க ஒண்ணு அங்கன்னு, அப்பவே கலந்துபோச்சு. இது இப்படி ஆகும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லலை."

"என்ன சொன்னே?" அண்ணனின் குரல் இறங்கிவிட்டது. அவன் கத்துவதைவிட அது பயங்கரமாக இருந்தது.

"எனக்குத் தெரியும் அண்ணே. அவங்களோட ஒரே மேசையில நிக்கப் பிடிக்காம வாயை மூடிக்கிட்டு இருந்தேன். தப்பு என்னோடது."

"இவ்வளவு பேரைக் கூட்டிட்டு வந்திருக்கேன் நான். நீ அவனுக்குப் பரிஞ்சு பேசறே. அங்க என்ன கொடுத்தாங்க உனக்கு?"

"யாரும் எதுவும் கொடுக்கலை."

"உன் கடையைக் கொளுத்தினவங்கடி அவங்க! உன்னை நான் தூக்கிட்டு வந்தேன்!"

அது உண்மை. அவன் முதுகில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அவன் கம்பியை இறுக்கிப் பிடித்தான். அடித்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"வீட்டுப் பக்கம் வராதே," என்றான். திரும்பிக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனான். தலைவனே போன பிறகு மற்றவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தார்கள். போகிறபோது எவனோ ஒரு கல்லை விட்டான். எங்கள் பக்கத்து ஜன்னல்தான் உடைந்தது.

கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன். கண்ணாடி மாஸ்டரும் அவர் கேட்டிலிருந்து வந்துகொண்டிருந்தார்; அங்கேயும் சத்தம் அடங்கியிருந்தது. உதடு கிழிந்திருந்தது. கழுத்தில் நூல் மட்டும் தொங்கியது, கண்ணாடி இல்லை.

"யாரு?" என்றேன்.

"தம்பி மகன்," என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆயிரத்து எண்ணூறு சட்டையில் பாதி தப்பாக இருக்கும். பளிச்சென்ற உடம்பில் சாம்பல் கை, சாம்பல் உடம்பில் பளிச்சென்ற கை. ஒன்றில் பிரித்த கையை மற்றதில் வைத்துத் தைத்தால் இரண்டு சட்டையும் சரியாகிவிடும். துணி வாங்க வேண்டியதில்லை. ஆனால் ட்யூப்லைட்டில் நிறம் தெரியாது. வெயிலில் உட்கார்ந்துதான் பிரிக்க வேண்டும், வெயிலில்தான் சேர்க்க வேண்டும், தைப்பது மட்டும் உள்ளே மெஷினில். முற்றம் ஒன்றுதான் இருந்தது. அதில் கோடு போட யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அங்கே யாரும் போவதே இல்லை.

இதை நான் எங்கள் பக்கத்துப் பெண்களிடம் சொன்னேன். கண்ணாடி மாஸ்டர் அவர்கள் பாஷையில் அவர்களிடம் சொன்னார். ஒருத்தியும் அசையவில்லை. கத்தரிகள் இன்னும் மடியில்தான் இருந்தன. வீட்டையும் விட்டாயிற்று, இவர்களும் எழுந்து போய்விட்டால் எதற்காக விட்டேன்?

முதலில் எழுந்தது என் அண்ணி. என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு பெட்டிச் சட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "கத்தரிதான் கையில இருக்கே, பிரிச்சாவது தொலைப்போம்," என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போனாள்.

அன்று மாலைவரை நடந்ததை வேலை என்று சொல்ல முடியாது. எங்கள் பெண்கள் ஒரு மூலை, அவர்கள் எதிர் மூலை. இங்கே பிரித்த கையைச் சுருட்டி அங்கே வீசுவது, அங்கே பிரித்ததை இங்கே வீசுவது. இடது கை வர வேண்டிய இடத்தில் வலது வந்தது, பெரிய சைஸுக்குச் சின்னது வந்தது. திருப்பி வீசினார்கள். ஒன்று பறந்துபோய் ஒருத்தியின் முகத்தில் விழ, வேண்டுமென்றே அடித்தாள் என்று அவள் எழுந்து நின்றாள். பத்துப் பேர் எழுந்தார்கள். நானும் கண்ணாடி மாஸ்டரும் நடுவில் ஓடினோம். பொழுது சாயும்போது முடிந்திருந்தது முப்பத்தொன்று.

நான் வீட்டுக்குப் போகவில்லை. பேக்கிங் அறையில் அட்டைப்பெட்டிகளை விரித்துப் படுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். அந்தப் பக்கத்தில் பட்டன் வைக்கிற ஒருத்தி உண்டு, நல்ல தாட்டியான உடம்பு, குரல் அதைவிடப் பெரிசு. எங்கள் மூலையிலிருந்து நாலாவது தடவையாகத் தப்பான கை வந்து அவள் காலடியில் விழுந்ததும் பொறுமை போய்விட்டது. தன் குவியலை அள்ளி மடியில் கட்டிக்கொண்டு நேராக நடந்து வந்து என் அண்ணிக்கு எதிரே தொப்பென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் அண்ணியின் குவியல் சரிந்தது.

"வீசறதை நிறுத்து. என் முதுகு போச்சு, பொறுக்கிப் பொறுக்கி. உன் கையைக் கொடு, என் கையை வாங்கு," என்றாள் எங்கள் பாஷையிலேயே.

அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உக்காரும்போது பார்த்து உக்காரக் கூடாதா?"

"இடம் இருந்தா பார்த்து உக்காருவேன்."

அண்ணி இரண்டு அங்குலம் நகர்ந்தாள். அன்று மத்தியானம் அவர்கள் இரண்டு பேர் மட்டும் அறுபது முடித்தார்கள். மற்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒருத்தி, பிறகு இன்னொருத்தி. சாயந்தரம் முற்றத்தில் எல்லாரும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் பாசம் எதுவும் இல்லை. பாதிப் பேர் பேசிக்கொள்ளவே இல்லை. சிலர் வாங்கும்போது விரல் படாமல் வாங்கினார்கள். எதிரே இருப்பவள் நிறுத்திவிட்டால் தன் சட்டை முடியாது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கண்ணாடி மாஸ்டருக்குக் கண்ணாடி இல்லாமல் நிறம் தெரியவில்லை. என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்தார். "இது?" "சாம்பல்." "இது?" "பளிச்." இரண்டு நாள் இதே பேச்சு. நடுவில் ஒரு தடவை, என்னைப் பார்க்காமல், "உங்க கடை எனக்குத் தெரியும். எரிஞ்ச மறுநாள் அந்த வழியா போனேன். மெஷினெல்லாம் கிடந்துச்சு. தையல்காரனால அதைப் பார்க்க முடியலை," என்றார். உங்கள் பக்கத்தில் யாருடைய கடை எரிந்தது என்று நான் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டால் அழுதுவிடுவேன் என்று தோன்றியதால், "சாம்பல், அந்தப் பக்கம் போடுங்க," என்றேன்.

வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கடைசிக் குவியல் முடிந்தபோது நாற்பத்திரண்டு சட்டைக்கு ஜோடி கிடைக்கவில்லை. பளிச்சென்ற உடம்புகள், அவற்றுக்குக் கை இல்லை. மிச்சத் துணியில் புதிதாக வெட்ட வேண்டும். அந்த லாட்டில் மிச்சம் இருந்தது ஒரே ரோல், அதுவும் என் மேசையில். கையின் அளவு அட்டைகள் அவர் மேசையில். அவர் அட்டைகளை எடுத்துக்கொண்டு கோட்டருகே வந்து நின்றார். நான் தலையை ஆட்டினேன். இங்கே வந்தார். நான் துணியை விரித்துப் பிடித்தேன், அவர் அட்டையை வைத்தார். பென்சில் கோடு அவருக்குத் தெரியாது என்பதால் நான் வரைந்தேன். வெட்டும் மெஷினை அவர் பிடித்தார், நான் கோடு போகிற வழியைச் சொல்லிக்கொண்டே துணி நகராமல் அழுத்திக்கொண்டேன். பிளேடு என் விரலுக்கு அரை அங்குலத்தில் போனது. கண் சரியாகத் தெரியாத மனுஷனின் கையில் என் விரலைக் கொடுத்துவிட்டு நிற்கிறேன் என்று பாதியில்தான் உறைத்தது. கையை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை லாரி வந்தது. அதே செக்கிங் பெண். நாற்பது சட்டையை எடுத்து வெயிலில் பார்த்தாள். நாற்பதும் சரி. "எப்படிக்கா பண்ணீங்க?" என்று கேட்டாள். பின்னால் நின்ற பட்டன்காரி, "எல்லாம் கையாலதான்," என்றாள். பெட்டிகள் ஏறின. அடுத்த ஆர்டருக்கான துணி அடுத்த வாரம் வரும் என்றாள். "இனிமே ஒரே மேசைதானே?" என்று கேட்டாள். நானும் கண்ணாடி மாஸ்டரும் ஒரே நேரத்தில் ஆமாம் என்றோம். இரண்டு பக்கத்திலும் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. சந்தோஷப்படவும் இல்லை.

சாயந்தரம் என் பெட்டியை எடுத்துவரலாம் என்று அண்ணன் வீட்டுக்குப் போனேன். வழியில் டயர் கடை மூடியிருந்தது. தெருவில் எனக்குத் தெரிந்த முகங்கள் எல்லாம் வேறு பக்கம் பார்த்தன. கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. தட்டினேன்.

"அண்ணே, பெட்டியை மட்டும் எடுத்துக்கிட்டுப் போறேன்."

பதில் இல்லை. அவன் கதவுக்குப் பின்னால் நிற்கிறான் என்று தெரிந்தது. அவன் மூச்சு எனக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்தே மூக்கடைப்பு. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பலகை மட்டும்தான் இருந்தது.

"நாலு பேர் முன்னாடி என்னைத் தலைகுனிஞ்சு நிக்க வெச்சிட்டியே," என்றான் உள்ளேயிருந்து. கோபமாகச் சொல்லவில்லை. அழுத குரல். "நீ அன்னைக்கு வாயைத் திறக்காம இருந்திருந்தா போதும். உனக்கு இந்த நிலைமை வந்திருக்குமா?"

"வாயைத் திறக்காம இருந்ததாலதான் அண்ணே வந்துச்சு."

என்னை நெருப்பிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தவன். அவனை நான் வெறுக்க முடியாது, அவன் சொன்னபடி இருக்கவும் முடியாது. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது, நிறுத்தவே முடியவில்லை.

பின்வாசல் வழியாக அண்ணி என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நாலு நாளாக அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள். முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள், குழந்தைக்குத் துடைக்கிற மாதிரி அழுத்தி.

"எங்க போவே?"

"பேக்கிங் ரூம்தான். வேற எங்க?"

"அவரு என்னையும் இனிமே வேலைக்குப் போக வேணாம்னுட்டார்," என்றாள். அவள் பெட்டியைக் கீழே வைத்தாள், திரும்பிக் கதவைப் பார்த்தாள், உள்ளே இருப்பவனுக்கும் கேட்கிற மாதிரிக் குரலை உயர்த்தினாள். "துணி வர்ற அன்னைக்கு எட்டு மணிக்கு வந்துடுவேன். எனக்கு எதிர்ல அந்தப் பட்டன்காரிக்கே இடம் போடு. வேற யாரோடயும் எனக்கு வேகம் வராது."

கதவுக்குப் பின்னால் அந்த மூச்சு அப்படியே இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம். அவன் மறுபடி வேண்டாம் என்று சொல்லவில்லை.